உதைக்காத துப்பாக்கியில் தொடங்குங்கள்: டெல்டாப் பிள்ளைகளுக்கான ஏர் ரைபிள் கேள்வி பதில்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்திலிருந்து பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குக் கூட்டிவரும் பெற்றோர் முதல் நாளிலேயே கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் 10 முதல் 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

பையனுக்கு 11 வயது. எதில் ஆரம்பிக்கலாம்?

10 மீட்டர் ஏர் ரைபிளில். குழல் அளவு 4.5 மி.மீ. ஸ்பிரிங் வைத்தது வேண்டாம். சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடும் வகை வேண்டும், கடைக்காரர்கள் பி.சி.பி. என்பார்கள். சொந்தமாக உடனே வாங்கத் தேவையில்லை. கிளப் துப்பாக்கியில் மூன்று மாதம் சுடட்டும். அதற்குள் அவன் கை எவ்வளவு நீளம், எவ்வளவு எடை தாங்கும் என்பது தெரிந்துவிடும்.

சுட்டதும் துப்பாக்கி பின்னால் தோளில் ‘உதைக்கும்’ என்கிறார்களே, உண்மையில் எவ்வளவு உதைக்கும்?

துப்பாக்கிக்குத் துப்பாக்கி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கணக்குப் போட்டால் 12 போர் தோட்டாத் துப்பாக்கி தோளில் ஏறத்தாழ 35 ஜூல் (ஆற்றலின் அளவு) இறக்கும். பழைய .303 ரைபிள் சுமார் 16 ஜூல். என்.சி.சி. பிள்ளைகள் சுடும் .22 ரைபிளில் கால் ஜூல்கூட வராது. 10 மீட்டர் காற்று ரைபிளில் அது ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அரை கிராமுக்குச் சற்று அதிகமான (0.53 கிராம்) ஈயக்குண்டு, விநாடிக்கு 170 மீட்டருக்கு ஒட்டிய வேகம், பின்னால் நான்கு கிலோ துப்பாக்கி. உதை எங்கிருந்து வரும்?

எடையையும் சேர்த்துப் பாருங்கள். 12 போர் உதையை 75 கிலோ ஆள் உடம்பை ஆட்டி வாங்கிக்கொள்வார். 32 கிலோ பிள்ளை தோள் எலும்பில் வாங்கும். ‘பெரிசுல பழகிட்டா சின்னது சுலபம்’ என்று சொல்லும் சித்தப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். இந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

வீட்டில் ஸ்பிரிங் ஏர் கன் ஒன்று இருக்கிறது. அதுவும் காற்றுதானே?

காற்றுதான், ஆனால் உதையே வேறு மாதிரி. குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்துகிறோம். விசையை இழுத்ததும் கால் கிலோ அளவுள்ள பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் தள்ளப்படுகிறது. பிஸ்டன் முனையில் போய் மோதியதும் துப்பாக்கி முன்னால் இழுக்கப்படுகிறது. இந்த இரண்டு ஆட்டமும் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடுகிறது. தோளில் வலி இருக்காது, குறி மட்டும் கலையும். பிள்ளை சரியாகப் பிடித்து, சரியாக இழுத்து, குண்டு எட்டாம் வளையத்தில் விழுந்தால் தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, மடக்கும் பலம். பத்துக் கிலோ அளவுக்கு அழுத்தி மடக்க வேண்டிய துப்பாக்கியை 12 வயதுப் பிள்ளை பத்து தடவை மடக்கலாம், அறுபது தடவை முடியாது. இருபதாவது ஷாட்டுக்கு மேல் கை நடுங்கும். கை வழுக்கிக் குழல் சடாரென்று நிமிர்ந்தால் விரல் போகும். குண்டு போடும்போது மறு கை குழலை விடவே கூடாது.

பழைய ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ் போன்ற ஜெர்மன் ரைபிள்கள் இதற்கு விலக்கு. அவற்றில் இயந்திரப் பகுதி முழுக்கத் தண்டவாளம் மாதிரி ஒரு சட்டத்தில் பின்னால் வழுக்கிப் போகும். உதையைத் தோளுக்கு அனுப்பாமல் உள்ளேயே முடித்துவிடும். கிளப்பில் ஒன்று கிடந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வேறு வழியே இல்லை, ஸ்பிரிங் துப்பாக்கிதான் என்றால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். முன்கை உள்ளங்கையில் துப்பாக்கி சும்மா உட்கார்ந்திருக்கட்டும். தோளில் பட்டும் படாமலும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே இடத்தில் கை. அது தன் ஆட்டத்தைத் தானே ஆடட்டும்.

வெளிநாட்டில் மருந்தைக் குறைத்து, இலேசான குண்டு போட்டு, சிறுவர்களுக்கென்று உதை குறைந்த தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்களாம். இங்கே செய்யலாமா?

கூடாது. ஆயுதச் சட்டம் 1959, 5-ஆவது பிரிவின்படி வெடிமருந்துத் தோட்டா செய்வதற்கு உரிமம் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்பதால் அது மாறாது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அது ‘மருந்தைக் கொஞ்சம் குறை’ என்கிற வேலை இல்லை. மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் அளவுக்குக் கீழே போட்டால் ஒழுங்காகப் பற்றாது. சில நேரம் தாமதித்து வெடிக்கும், சில நேரம் அழுத்தம் எதிர்பாராமல் எகிறும். குண்டு குழல் நடுவில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். அங்கே அதைச் செய்பவர்கள் மருந்துக் கம்பெனி சோதித்து அச்சிட்ட அளவை மில்லிகிராம் சுத்தமாகப் பின்பற்றுகிறார்கள்.

அப்படியெல்லாம் பாடுபட்டு உதையைக் குறைப்பது, வேட்டை ரைபிளைச் சின்னப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டிய ஊர்களில். நமக்கு அந்தத் தேவையே இல்லை. ஏர் ரைபிள், அதற்குப் பிறகு .22. அந்த .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடி விளிம்புக்குள்ளேயே இருக்கும், ஒரு முறை சுட்ட கூடு குப்பைக்குத்தான்.

மகள் விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். பயமா, பழக்கமா?

பயத்தில் தொடங்கிப் பழக்கமாகிப் போனது. பெரும்பாலும் முன்பு எங்கேயோ ஒரு பெரிய துப்பாக்கியை ‘ஒரே ஒரு தடவை’ சுடக் கொடுத்திருப்பார்கள். சத்தமும் இடியும் வரப்போகிறது என்று உடம்பு எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு உதையே இல்லாத துப்பாக்கியைக் கொடுத்தாலும் விசை நகரும் நொடியில் தோள் முன்னால் போகும், குழல் முனை கீழே அமிழும், இமை மூடும்.

கண்டுபிடிப்பது சுலபம். பயிற்றுநர் குண்டு போடும் பக்கத்தைப் பிள்ளை பார்க்காதபடி மறைத்துக்கொள்ளட்டும். பத்து ஷாட்டில் நாலைந்தை மட்டும் குண்டோடு, மற்றதை வெறுமையாகக் கொடுக்கட்டும். எது எது என்று பிள்ளைக்குத் தெரியக் கூடாது. நீங்கள் இலக்கைப் பார்க்காதீர்கள், குழல் முனையைப் பாருங்கள். வெறும் ஷாட்டில் முனை ஒரு நெல்மணி அளவு தாழ்ந்தால் போதும், நோய் அதுதான்.

மருந்தும் அதே தான். இரண்டு வாரம் இலக்குத் தாளே வேண்டாம். வெள்ளைச் சுவர், வெறும் விசை (குண்டில்லாமல் இழுப்பது), நாளைக்கு முப்பது தடவை. விசை விழுந்த பிறகு முன்சைட் (குழல் முனையில் குறிபார்க்கும் வளையம்) எங்கே நிற்கிறது என்று பிள்ளையே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ‘நடுவுல’, ‘கீழ போச்சு’. சொல்ல வேண்டுமென்றால் கண்ணைத் திறந்து வைத்தாக வேண்டுமே. அதன் பிறகு தாள். திட்டினால் இன்னும் இரண்டு வாரம் கூடும். (பி.சி.பி. ரைபிளில் வெறும் விசை இழுக்கத் தனிப் பொத்தான் இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியைக் குண்டில்லாமல் சுடவே கூடாது, பிஸ்டன் முனை நொறுங்கும்.)

துப்பாக்கி பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, துப்பாக்கியின் அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் சௌகரியமாக உட்கார வேண்டும். எட்டிப் பிடித்தால் கட்டை நீளம். ஜூனியர் ரைபிள்களில் கட்டைக்கு இடையில் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒரு சாகுபடிக்குள் ஒரு தகடு சேர்க்க வேண்டிவரும், அந்த வயது அப்படி.

அடுத்து கன்னம். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் வைக்கட்டும். கண்ணைத் திறந்தால் பின்சைட் துளை நேராகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டினாலோ தலையைச் சாய்த்தாலோ கன்னத்தாங்கியை ஏற்றுங்கள். துப்பாக்கிதான் பிள்ளையிடம் வர வேண்டும்.

எடை: போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. 12 வயதுக்கு மூன்றரைக் கிலோவே தாராளம். நின்று சுடும்போது துப்பாக்கியைத் தாங்குவது தோள் தசை அல்ல. இடது முழங்கை இடுப்பு எலும்பின் மேல் உட்கார்ந்து, எடை எலும்பு வழியாகக் காலுக்கு இறங்க வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்து வாய்க்காலிலிருந்து வரும் பெண்களைப் பாருங்கள், அதே ஒடிப்புதான். முதல் ஆறு வாரம் நின்று சுடவே வேண்டாம். மேஜையில் மணல் பை, உட்கார்ந்து, பை மேல் துப்பாக்கி.

எந்தக் கண்?

இரண்டு கையையும் நீட்டி விரல்களால் ஒரு சின்ன ஓட்டை செய்து, தூரத்தில் உள்ள விளக்கை அதன் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விளக்கு மறையவில்லையோ அதுதான் ஆளும் கண். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஆண்டால் இடப்பக்கம் சுடப் பழக்குவது நல்லது. மற்றக் கண்ணை இறுக்கி மூடவிடாதீர்கள், திறந்த கண்ணும் சேர்ந்து களைத்துப் போகும். மூக்குக்கண்ணாடியில் 3 செ.மீ. அகல வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டினால் போதும்.

வீட்டிலேயே ரேஞ்ச் போடலாமா? களம் இருக்கிறது, மாட்டுக்கொட்டகை இருக்கிறது.

கொட்டகை நல்லது, களம் வேண்டாம். திறந்த களத்தில் கோழி, ஆடு, பந்து எடுக்க ஓடிவரும் பிள்ளை எல்லாம் குறுக்கே வரும். சுடும் கோட்டிலிருந்து இலக்கு வரை 10 மீட்டர், அதாவது 32 அடி 10 அங்குலம். இலக்கின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். பக்கவாட்டில் வாசல் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் உள்பக்கம் தாழ்.

பின்தடுப்பில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுவது. செங்கல் சுவரிலோ தென்னை மரத்திலோ தாளை ஒட்டிச் சுடாதீர்கள். ஈயக்குண்டு கெட்டிப் பரப்பில் பட்டால் சுட்டவர் பக்கமே திரும்பித் தெறிக்கும். வைக்கோல் கட்டு குண்டை நிறுத்தும் என்று நம்பவும் வேண்டாம். செய்ய வேண்டியது: ஒன்றரை அடிச் சதுர மரப்பெட்டி, உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகடு, மேல்முனை சுடுபவர் பக்கம் சாய்ந்து 45 டிகிரியில். குண்டு தகட்டில் பட்டுக் கீழே சிதறி விழும். அடியில் இரண்டு அங்குலம் மணல். முன்பக்கம் தாளை மாட்டும் அட்டை. பெட்டிக்குப் பின்னால், பெட்டியைத் தவறவிடும் குண்டுக்காக, மணல் நிரப்பிய நெல் சாக்குகளை ஆள் உயரத்துக்கு அடுக்குங்கள். சாக்கு மழைக்காலத்தில் மக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

வெளிச்சம் இலக்கின் மேல் 1500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு). ஒரு நல்ல எல்.இ.டி. ஃபிளட் விளக்கை இரண்டு மீட்டர் தள்ளி, பிள்ளையின் கண்ணில் படாதபடி வைத்தால் வரும். அறையில் இருக்கும் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, வேடிக்கை பார்க்கும் தாத்தாவுக்கும்.

பத்தாம் வளையம் அவ்வளவு சிறியதா?

அரை மில்லிமீட்டர் புள்ளி. குண்டு ஓட்டையின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்து என்பதால் குண்டின் மையம் 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் போதும். இரண்டு சைட்டுக்கும் இடையே 70 செ.மீ. என்றால் முன்சைட் 0.17 மி.மீ. விலகினாலே பத்து போய்விடும். ஏறத்தாழ இரண்டு நோட்டுத் தாளின் கனம்தான். துப்பாக்கி உதைக்கக் கூடாது என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பது இப்போது புரியும்.

எந்தக் குண்டு வாங்குவது?

தட்டையான தலை உள்ளது. தாளில் சுத்தமாக வட்டம் வெட்டும். கூர்முனைக் குண்டு தாளைக் கிழிக்கும், மதிப்பெண் பார்க்க முடியாது. போட்டிக் குண்டு டப்பாவில் 500 இருக்கும், மேலே குண்டின் தலை அளவு மி.மீ.யில் எழுதியிருப்பார்கள்: 4.49, 4.50, 4.51. ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று ஒத்துவரும். துப்பாக்கியை மணல் பையில் வைத்துப் பெரியவர் ஒருவர் ஒவ்வொரு வகையிலும் பத்து பத்து சுட்டுப் பார்த்து, ஓட்டைகள் நெருக்கமாக விழும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பாவாடை (குண்டின் விரிந்த பின்பக்கம்) நசுங்கிய குண்டைத் தூக்கிப் போடுங்கள்.

கை ஓயாதிருக்கக் குண்டை வாயில் கவ்விக்கொள்ளும் வழக்கம் பிள்ளைகளிடம் உண்டு. முதல் நாளே நிறுத்துங்கள், அது ஈயம். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் முறுக்கு, வடை எல்லாம்.

சைட்டைத் திருப்பினால் குண்டு எதிர்ப்பக்கம் போகிறதே?

சில ஜெர்மன் சைட்டுகளில் எழுத்து குண்டு விழுந்த பக்கத்தைக் குறிக்கும். ‘மேலே விழுந்தால் இப்படித் திருப்பு’ என்று பொருள். நாம் ‘மேலே போக வேண்டுமானால்’ என்று படித்துவிடுகிறோம். நான்கு கிளிக் திருப்பி மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் போகிறதோ அதைத் தமிழில் எழுதித் துப்பாக்கிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். ஒரே ஒரு குண்டைப் பார்த்து சைட்டைத் தொடாதீர்கள். ஐந்து விழட்டும்.

சிலிண்டரில் காற்று நிரப்புவது ஆபத்தா?

முறையாகச் செய்தால் இல்லை. பெரும்பாலான போட்டி ரைபிள்களுக்கு 200 பார் (அழுத்தத்தின் அளவு). சிலிண்டர் மேலேயே எழுதியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். மெதுவாக ஏற்றுங்கள். வேகமாக ஏற்றினால் சூடாகும், ஆறியதும் அழுத்தம் இறங்கும்.

மருத்துவமனை ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒருபோதும் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் துளி எண்ணெயைத் தொட்டாலும் வெடிக்கும். காற்றே ஆனாலும் நிரப்பும் இணைப்பில் எண்ணெய் போடாதீர்கள், சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

கைப்பம்பில் அடிப்பதானால் நம் ஊர் ஈரம் பெரிய தொல்லை. ஐம்பது அடிக்கு ஒரு முறை பம்பின் வடிகால் திருகைத் திறந்து விட்டால் ஐப்பசியில் தண்ணீர் சொட்டுவதையே பார்க்கலாம். அது சிலிண்டருக்குள் போனால் உள்ளே அரிக்கும். அலுமினிய சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர் தரும் ஆயுள் பொதுவாக 10 ஆண்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது துப்பாக்கியின் பளபளப்பைப் பார்க்கும் முன் சிலிண்டரில் அச்சடித்த மாதம், ஆண்டைப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

மழைக்காலத்தில் துரு பிடிக்கிறது. தேங்காய் எண்ணெய் போடலாமா?

வேண்டாம். நாள்பட்டால் கெட்டுப்போகும், தூசியைச் சேர்க்கும். மெல்லிய மெஷின் ஆயிலைத் துணியில் ஒற்றி வெளி இரும்பில் மட்டும் துடையுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று என்பதால் ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் துடைக்க வேண்டும். கை வியர்வையும் உப்புதான். பஞ்சு வைத்த பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், புரட்டாசி முதல் தை வரை பெட்டிக்கு வெளியே, பூட்டிய அலமாரியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். அரிசியைத் துணியில் கட்டிப் போடுவது நெல் நாட்டுப் பாசம், புரிகிறது. ஆனால் தவிடும் வண்டும்தான் மிஞ்சும்.

உரிமம் வேண்டுமா?

4.5 மி.மீ.க்கு மேற்படாமலும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் வேண்டாம். போட்டி ஏர் ரைபிள் 8 ஜூலுக்குள் அடங்கிவிடும். கடையில் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கேட்பார்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். .22 என்றால் கதையே வேறு. அது உரிமத் துப்பாக்கி, 21 வயதுக்குக் கீழே உள்ளவர் சொந்தமாக வைத்திருக்க முடியாது. பயிற்சிக்கு விதிகளுக்கு உட்பட்டு கிளப்பில் சுடலாம்.

சம்பா கதிர் பிடிக்கும்போது கிளி விரட்ட அதே துப்பாக்கியை…

கிளி, மைனா, கொக்கு, சிட்டு எதையும் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைச் சரணாலய ஏரிகள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தகர டப்பாவும் பளபள நாடாவும் கிளிக்குப் போதும்.

வேளாங்கண்ணித் திருவிழாவில் பலூன் சுட்டுப் பத்துக்குப் பத்து அடித்தான். திறமை இருக்கிறதா?

ஆசை இருக்கிறது என்று தெரிகிறது, அது போதும் ஆரம்பிக்க. அந்தக் கடைத் துப்பாக்கிகளின் சைட் எங்கேயோ பார்க்கும், பலூனோ ஒரு சாண். அங்கே பழகிய ‘சட்டுனு இழு’ பழக்கத்தை மறக்கடிக்கத்தான் ஒரு மாதம் ஆகும்.

ஒரு நாளைக்கு எத்தனை குண்டு?

முதல் மாதம் 20, வாரம் மூன்று நாள். பிறகு 40. போட்டியில் 60 குண்டு, 75 நிமிடம் என்பதால் அந்த எண்ணிக்கைக்கு வர ஒரு வருடம் எடுத்துக்கொள்ளலாம். தூக்கிப் பிடித்து பத்து விநாடிக்குள் சுட முடியாவிட்டால் இறக்கிவிடச் சொல்லுங்கள். மூச்சு முட்டினால் முதலில் மங்குவது கண். இறக்கி வைத்ததற்காகப் பிள்ளையைப் பாராட்டுங்கள், சுட்டதற்காக அல்ல.

எங்கே சேர்ப்பது?

டெல்டாவுக்குப் பக்கத்தில் பெரியது திருச்சி ரைபிள் கிளப். 2022 ஜூலையில் மாநிலப் போட்டி அங்கே நடந்து, நடிகர் அஜித் குமார் வந்து சுட்ட பிறகு அதன் பெயர் தெரியாத பெற்றோரே இல்லை. தஞ்சையிலிருந்து ஒரு மணி நேரம், நாகையிலிருந்து அரை நாள் பயணம். தினமும் முடியாது என்றால் ஞாயிறு மட்டும் கிளப், மற்ற நாள் வீட்டில் வெறும் விசைப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேருங்கள், .22-க்கு அதுவே இயல்பான வழி. 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிள் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூர், கொள்ளிடத்துக்கு அந்தக் கரைதான். வளர்ந்து பயின்றது குஜராத்தில்.

ஜாக்கெட், கால்சட்டை எல்லாம் இப்போதே வாங்கணுமா?

முதல் வருடம் வேண்டாம். கான்வாஸ் ஜாக்கெட் முதுகைத் தாங்கிப் பிடிக்கும். தானாக நிற்கக் கற்காத பிள்ளை அதன்மேல் சாய்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் கொட்டகைக்குள் அதைப் போட்டால் பத்தாவது குண்டில் வியர்வை கண்ணில் இறங்கும். தட்டையான அடி உள்ள கான்வாஸ் ஷூ, உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டை, நெற்றியில் ஒரு துணிப்பட்டை போதும். வளரும் பிள்ளைக்கு இப்போது அளவெடுத்துத் தைத்தால் அடுத்த தீபாவளிக்கு அது தம்பிக்குத்தான் ஆகும். போட்டிக்குப் போகும் நேரத்தில் வாங்கும்போது துணி ஒரு மடிப்பு 2.5 மி.மீ.க்கு மேல் கனமில்லையா என்று அளந்து வாங்குங்கள், பரிசோதனை மேஜையில் அதை அளப்பார்கள்.